தங்கமாரியப்பனின் எட்டாவது சைலன்சர்

இதில் ஒரு சொல் பொய்யென்றால் நாளைக் காலையில் என் மீசை தலையணையிலேயே தங்கிவிடட்டும். துறைமுகத்தில் நிற்கிற அத்தனை கப்பல்மேலும் சத்தியம். பல்மேலும் சத்தியம் செய்வேன், ஆனால் பாதி என்னுடையதில்லை.

எல்லாம் நடந்தது. கேளுங்கள்.

"ஏம்மா செலஸ்டினா, ஒரு சைலன்சர்கூட ஏன் எட்டு மாசத்துக்கு மேல என்கிட்ட தங்க மாட்டேங்குது?"

இப்படிக் கேட்டுக்கொண்டுதான் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தங்கமாரியப்பன் அந்த ஒர்க்ஷாப்புக்குள் நுழைந்தார். தூத்துக்குடியில் உப்பளம் வைத்திருப்பவர். வயது அறுபத்து மூன்று. கறுப்பு நிறத்தில் ஒரு பழைய கார் வைத்திருந்தார்.

செலஸ்டினா மெக்கானிக். வயது முப்பத்தொன்று. பழைய கார் என்றால் ஊரில் அவளிடம்தான் போவார்கள்.

மற்றவர்கள் சொல்லும் கதைகளில் குரு ஆலமரத்தடியில் மான்தோல்மேல் உட்கார்ந்திருப்பார். இந்தக் கதையில் குரு ஒரு வேனுக்கடியில் கோணிச்சாக்கில் மல்லாந்து கிடந்தாள். வந்தவருக்கு அவளுடைய பாதங்கள் மட்டும்தான் தெரிந்தன.

சீடன் தொடங்க வேண்டிய இடம் அதுதானே.

பாதங்கள் பேசின.

"மூணாவது மைல்ல வரும்போதே சத்தம் கேட்டுட்டு, அண்ணாச்சி. உக்காருங்க."

அந்தக் காரின் சத்தத்தை நீங்கள் கேட்டதில்லை. உப்பளத்தில் ஒற்றைக்காலில் நிற்கும் பூநாரைகள் அதைக் கேட்டால் மற்றக் காலையும் ஊன்றிக்கொள்ளும். ஒருநாள் பனிமூட்டத்தில் அவர் கடற்கரைச் சாலையில் வர, பெரிய கப்பல் ஒன்று வந்துவிட்டதென்று வழிகாட்டிப் படகு புறப்பட்டுப் போய்விட்டது. படகுக்காரர் திரும்பி வந்து, கப்பலில் என்ன சரக்கு என்று இவரிடம் கேட்டார்.

நான் பக்கத்தில் நின்றேன்.

சத்தம் போகட்டும். அவருடைய கவலை வேறு.

வெள்ளிக்கிழமை அவருக்கு நாற்பதாவது கல்யாண நாள். மனைவி சொர்ணக்கிளியை மணப்பெண்ணாக வீட்டுக்கு அழைத்து வந்தது அந்தக் காரில்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் அதே நாளில் அதே காரில் இருவரும் திருச்செந்தூர் போவார்கள். இந்த வருஷம் அவள் சொல்லிவிட்டாளாம், நான் பஸ்ஸில் போகிறேன், நீங்கள் காரில் வாருங்கள் என்று.

ஏன் என்று கேட்டாராம். அவள் வெண்டைக்காய் நறுக்கப் போய்விட்டாளாம்.

சத்தம்தான் காரணம், அதோடு அந்தப் புகை நாற்றம் என்று தங்கமாரியப்பன் தாமாகவே முடிவு செய்துகொண்டார். சைலன்சரை மாற்றி, இஞ்சினைப் பளிச்சென்று கழுவிவிட்டால் தீர்ந்தது.

"வெள்ளிக்கிழமை அவ முன்சீட்ல உக்காரணும்மா. இல்லன்னா இந்த வண்டி எனக்கு எதுக்கு, இரும்புக்கடைக்குத் தள்ளிட்டுப் போயிருவேன்."

சொல்லும்போது அவர் குரல் கம்மிவிட்டது. கம்மிய குரலுக்கே வேனின் கண்ணாடி கடகடவென்று ஆடியது.

பாதங்கள் கொஞ்ச நேரம் யோசித்தன. பிறகு குரு முழுவதுமாக வெளியே வந்தாள்.

மாற்றிக் கொடுத்தால் மட்டும் போதாது, இதன் சூட்சுமத்தையும் எனக்குச் சொல்லிக்கொடு என்றார் அவர். சொல்லித் தர எனக்குத் தெரியாது, கூட இருந்து வேலை செய்யுங்கள் என்றாள் அவள். ஆணியில் தொங்கிய கிரீஸ் படிந்த சட்டையை எடுத்து நீட்டினாள்.

தீட்சை முடிந்தது.

முதலில் பழைய சைலன்சர்.

அதைப் பிடித்திருந்த போல்டுகள் துருவேறி ஒன்றோடு ஒன்று கல்யாணம் செய்துகொண்டிருந்தன. செலஸ்டினா மண்ணெண்ணெய் தடவிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். சுத்தியலால் ஒரு போடு போடட்டுமா என்றார் சீடர். வேண்டாம் என்றாள். இன்னும் எவ்வளவு நேரம் என்றார். அவள் டிபன் பாக்ஸைத் திறந்து இடியாப்பம் சாப்பிட்டாள். இப்போது போடட்டுமா என்றார். அவள் பாக்ஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

பிறகு கேஸ் பர்னரால் சூடு காட்டி ஸ்பானரை வைத்தாள். போல்ட் அசைந்து கொடுத்தது.

கீழே விழுந்த சைலன்சரில் இரும்பு குறைவு, ஓட்டை அதிகம். செலஸ்டினா ஒரு பக்கம் கையை விட்டு மறுபக்கத்தில் ஐந்து விரலையும் ஆட்டிக் காட்டினாள்.

தங்கமாரியப்பனுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. இது ஏழாவது சைலன்சர். முதல் கடைக்காரன் பழைய சரக்கைத் தலையில் கட்டினான், இரண்டாமவன் தகரத்தை வளைத்துக் கொடுத்தான், மூன்றாமவன் முகத்தைப் பார்த்தாலே தெரியும் என்று ஏழு பேரையும் வரிசையாக நிறுத்தி வைத்துத் திட்டினார். இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் உலை கொதித்து வழிந்தது.

"ஏழு பேருமா ஏமாத்தினாங்க?" என்றாள் செலஸ்டினா.

"ஏழு பேருந்தான்."

அவள் பானெட்டைத் திறந்தாள்.

இந்த இடத்தில் நீங்கள் சந்தேகப்படுவீர்கள். அதனால்தான் முன்கூட்டியே சத்தியம் செய்து வைத்தேன். இஞ்சினுக்குப் பக்கத்தில், பேட்டரி மூலையில், ஒரு முருங்கைக் கன்று நின்றது. அதில் இரண்டு காய் தொங்கியது. மறுநாள் மத்தியானம் சாம்பாரில் போட்டார்கள். நல்ல சதைப்பற்று.

அது பெரிய அதிசயமில்லை. இஞ்சின் முழுவதும், குழாய், ஒயர், போல்ட் தலை என்று ஒன்று விடாமல், வெள்ளையாக ஏதோ பொருக்குத் தட்டிப் போயிருந்தது. கறுப்புக் காருக்குள் யாரோ வெள்ளையடித்த மாதிரி.

"வாராவாரம் வெள்ளிக்கிழமை நானே குளிப்பாட்டுவேன்மா" என்றார் தங்கமாரியப்பன். பெருமைதான். "மேல, கீழ, அடியில எல்லாம் ஓஸ் பைப்ப விட்டு அடிப்பேன். வேலைக்காரங்கள விடுறதில்ல."

அவள் ஒரு பட்டைத் தகட்டால் அந்த வெள்ளையைச் சுரண்டி, ஒரு காகிதத்தில் சேர்த்து, மடித்துப் பலகைமேல் வைத்தாள்.

புதன்கிழமை குளிப்பாட்டும் வேலை. பேட்டரியைக் கழற்றினார்கள். தண்ணீர் படக்கூடாத இடங்களைப் பிளாஸ்டிக் பையால் மூடி ரப்பர் போட்டுக் கட்டினார்கள். டீசலைத் தொட்டுத் தொட்டு பிரஷால் தேய்த்தார்கள். சீடர் மூக்கில் கரி, காதில் கரி. பத்து வருஷ அழுக்கு கரைந்து ஓடிய ஓட்டத்தில் ஒர்க்ஷாப் பூனை நீந்திக் கரையேறியது.

கடைசியாகத் தண்ணீர். ஒரு வார்த்தை சொன்னால் போதும், எங்கள் உப்பளத்து போர்வெல் தண்ணீரை லாரியில் கொண்டுவந்து இறக்குகிறேன் என்றார் தங்கமாரியப்பன். உப்புத் தண்ணீர் பட்டால் திருஷ்டியும் கழிந்துபோகும், அவர் அப்பா காலத்திலிருந்து வீட்டு வாசலுக்கே அதைத்தான் தெளிக்கிறார்கள், வண்டிக்கும் அதைத்தான் அடிக்கிறார் என்றார்.

"நல்ல தண்ணி ரெண்டு குடம் போதும், அண்ணாச்சி."

குடிக்கிற தண்ணீரை வண்டிக்கு ஊற்றுகிறாளே என்று அவருக்கு மனசு ஆறவில்லை.

மத்தியானம் சாம்பார் சாதம் முடிந்ததும் செலஸ்டினா ஒரு மாங்காயைக் கீறினாள். மிளகாய்ப்பொடியும் உப்பும் தூவி ஒரு துண்டை அவரிடம் நீட்டினாள்.

தங்கமாரியப்பனின் நாக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு கல் உப்பை வைத்தால் எந்த அளம், எந்தப் பாத்தி, எந்த மாதம் வாரியது என்று சொல்லிவிடுவார். ஒருமுறை துக்க வீட்டில் ஒருவன் தோளில் சாய்ந்து அழ, கண்ணீர் இவர் உதட்டில் பட்டது. ஆறுதல் சொல்வதை நிறுத்திவிட்டு, உங்கள் வீட்டில் எப்போது அடுத்த அளத்து உப்புக்கு மாறினீர்கள் என்று கேட்டவர்.

மாங்காயை வாயில் வைத்தார். கண்ணை மூடினார்.

"நம்ம அளந்தான்" என்றார். முகம் மலர்ந்தது. "போர் தண்ணி ஏறுற மேற்குப் பாத்தி. என்ன, கொஞ்சம் எண்ணெய் வாசம் அடிக்கு. எந்தக் கடையில வாங்கினே?"

செலஸ்டினா கையிலிருந்த கத்தியால் திறந்து கிடந்த பானெட்டைக் காட்டினாள்.

அவர் விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை.

பலகைமேல் காகிதம் விரிந்து கிடந்தது. பூனை அதை முகர்ந்துவிட்டுப் போனது.

ஒருவழியாக விழுங்கிவிட்டு, "அந்த ஏழு பேர்ல ரெண்டு பேரு செத்துட்டாங்களேம்மா" என்றார்.

"மத்த அஞ்சு பேருக்கும் மாங்காய் வாங்கிட்டுப் போங்க" என்றாள் செலஸ்டினா.

வியாழக்கிழமை எட்டாவது சைலன்சர் ஏறியது. அவரே கீழே படுத்து, அதைத் தாங்கும் ரப்பரை மாட்டி, போல்டை முடுக்கினார். அன்று வெளியே தெரிந்தது அவருடைய பாதங்கள்.

சாவியைத் திருப்பியபோது வண்டி ஓடுகிறதா என்று சந்தேகம் வந்து இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து இஞ்சின்மேல் வைத்தார்கள். தண்ணீர் தூங்கியது.

ஒரு சுற்று போய் வரலாம் என்று செலஸ்டினா ஸ்டியரிங்கைப் பிடித்தாள். அவர் முன்சீட்டில் உட்கார்ந்தார். மறுநாள் சொர்ணக்கிளி உட்கார வேண்டிய இடம்.

கடற்கரைச் சாலையில் பாதி தூரம் போயிருப்பார்கள். அவர் முகம் சுருங்கியது.

"இன்னும் ஒரு சத்தம் இருக்கும்மா."

"எங்க?"

"வெளிய இல்ல. வண்டிக்குள்ளதான். காதுக்குக் கிட்ட."

அவள் வேகத்தைக் குறைத்தாள். அவர் குனிந்து டாஷ்போர்டில் காதை வைத்தார். கதவில் வைத்தார். சத்தம் இல்லை. நிமிர்ந்து, நின்றுவிட்டது என்று சொல்ல வாயெடுத்தார், மறுபடி வந்துவிட்டது. அவருக்கு வேர்த்துப்போனது. வெள்ளிக்கிழமைக்கு ஒரு ராத்திரிதான் மிச்சம்.

"கெட்ட சத்தம்மா இது. நான் கூர்ந்து கேட்டா ஒளிஞ்சுக்கிடுது. உன்கிட்ட சொல்ல ஆரம்பிச்சா வந்துருது. எதையோ சரியா முடுக்கல. கேக்குதா, இல்லையா?"

"கேக்குது" என்றாள் செலஸ்டினா.

வண்டியை ஓரமாக நிறுத்தினாள். இஞ்சினை அணைத்தாள். சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"இப்ப சொல்லுங்க, அண்ணாச்சி."

"இப்பவும் அதே..."

கரையில் தூண்டில் போட்டிருந்த இருவர் திரும்பிப் பார்த்தார்கள். படுத்திருந்த ஆடு எழுந்து நின்றது. டீக்கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டீ, டம்ளரில் விழாமல் தரையில் விழுந்தது.

தங்கமாரியப்பன் வாயை மூடினார்.

சத்தம் நின்றது.

கடல் அலை கேட்டது. அந்தச் சாலையில் அந்தக் காரில் உட்கார்ந்து அவர் அலையைக் கேட்டு வருஷக்கணக்காகிறது.

அவர் தொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டார், போல்டைத் தடவிப் பார்ப்பது போல.

"எத்தன வருஷமாம்மா?" என்றார். ஆடு மறுபடி படுத்துக்கொண்டது.

"எனக்கு வண்டி மட்டுந்தான் தெரியும், அண்ணாச்சி."

சாவியை அவர் கையில் வைத்துவிட்டு இறங்கி நடந்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் சொர்ணக்கிளி ஒயர் கூடையோடு பஸ் ஸ்டாப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் கறுப்புக் கார் வந்து நின்றது. அவள் கவனிக்கவில்லை. முன்கதவு தானாகத் திறந்ததுபோல் திறந்தது.

"ஏறுதியா?" என்று யாரோ தாழ்ந்த குரலில் கேட்டார்கள்.

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். குனிந்து உள்ளே பார்த்தாள்.

"வண்டி நின்னுபோச்சா?"

"ஓடுது."

அவள் காரைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தாள்.

"இன்னொரு தடவ சொல்லுங்க."

"ஓடுது, கிளி."

சொர்ணக்கிளி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து கூடையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"மெதுவா போங்க" என்றாள். "பேசிக்கிட்டே போலாம்."

தபால்பெட்டிக்குப் பின்னால் நின்று இத்தனையும் கேட்டேன். ஒரு எழுத்து கூட்டவில்லை. ஆனால் நான் சொன்னதாக மட்டும் யாரிடமும் மூச்சு விடாதீர்கள். முன்பெல்லாம் அவர் மூணாவது மைலில் வரும்போதே தெரிந்துவிடும், பேச்சை மாற்றிக்கொள்ள நேரம் இருந்தது. இப்போது வண்டியும் கேட்பதில்லை, அவர் குரலும் கேட்பதில்லை.

எதற்கும் ஒருதடவை திரும்பிப் பாருங்கள். உங்களுக்குப் பின்னால் கறுப்புக் கார் ஏதாவது நிற்கிறதா?