மடித்த இலை

கம்பெனி பதினான்கே மாதத்தில் படுத்துவிட்டது. ஏன் படுத்தது என்று நடத்தியவனுக்கே தெரியவில்லை.

தணிகாசலத்துக்கு வயது நாற்பத்தேழு. சேலத்தில் அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு அனுப்பும் ஸ்டார்ட்அப் அவனுடையது. போனில் ஆர்டர் போட்டால், எவர்சில்வர் டப்பாவில் வீட்டுச் சாப்பாடு மேசைக்கே வரும். சாப்பிட்டவர்கள் எல்லோரும் ஐந்து நட்சத்திரம் போட்டார்கள். போட்டுவிட்டு ஒவ்வொருவராக நின்றுபோனார்கள்.

கூட்டாளி ரெஜினா கறாரானவள். "மறுபடி ஆரம்பிக்கலாம். ஆனா முதல்ல ஏன் போச்சுன்னு சொல்லு. மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் பெங்களூர்ல வேலைக்குப் போயிடுவேன்" என்றாள்.

ராசிபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு குன்றின் அடியில் மடம் ஒன்று இருக்கிறது. அங்கே போனான். மடத்து அடிகளுக்கு வயது முப்பத்திரண்டு. தாடிகூட ஒழுங்காக முளைக்கவில்லை. தணிகாசலம் கொஞ்சம் தயங்கிவிட்டுத்தான் கும்பிட்டான்.

"சாமி, என் கம்பெனி ஏன் தோத்துச்சு?"

"எனக்கு எப்படித் தெரியும்? உங்களுக்குச் சமைக்கத் தெரியுமா?"

"அதுதானே சாமி என் தொழிலே."

"நல்லதாப் போச்சு. ஞாயித்துக்கிழமை அன்னதானம் உங்க பொறுப்பு."

குன்றின் மேல் முருகன். ஞாயிறுதோறும் அவனைப் பார்த்துவிட்டு எழுநூறு படி இறங்கிவரும் இருநூறு பேருக்கு மடத்தில் இலை போடுவார்கள். தணிகாசலம் ஒரு குறையும் வைக்கவில்லை. கெட்டியாக முருங்கைக்காய் சாம்பார். தேங்காய் அரைத்துவிட்ட கூட்டு. பாயசம். பந்தி முடிந்ததும் கை கழுவும் குழாயடியில் போய் நின்றுகொண்டான்.

"சாப்பாடு எப்படிங்க?"

"அமிர்தமுங்க."

"உங்களுக்கு?"

"குறையே இல்லீங்க. வயிறும் நெறஞ்சுது, மனசும் நெறஞ்சுது."

அடிகள் கேட்டார்: "எப்படிப் போச்சு?"

"எல்லாருக்கும் திருப்தி சாமி."

"சரி."

அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறும் இதே கதை. மூன்றாவது ஞாயிறு தணிகாசலத்துக்குப் பொறுக்கவில்லை.

"மாசம் முடியப்போகுது சாமி. நான் கேட்டதுக்கு நீங்க ஒண்ணுமே சொல்லல."

"இன்னைக்கு நீங்க இலை எடுங்க."

"நானா?"

"கை இருக்குல்ல?"

மடத்தில் இலை எடுப்பது நல்லாயி. ஐம்பது வயதிருக்கும். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்தால், வரிசை முடியாமல் நிமிர மாட்டாள். அவனைப் பார்த்ததும் கூடையைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.

"வாங்க முதலாளி. ஒத்தக் கையால எடுக்காதீங்க, கிழிஞ்சிரும்."

"வெறும் எச்சில் இலைதானே?"

"எடுத்துத்தான் பாருங்களேன்."

இலைகள் வரிசையாக, சாப்பிட்டவர் பக்கமாக மடிந்து கிடந்தன. மனம் நிறைந்து எழுந்தார்கள் என்பதற்கு அடையாளம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. முதல் இலையை ஒரு கையால் தூக்கினான். நடுவில் பிய்ந்து, சோறும் சாம்பாரும் அவன் காலில் கொட்டின.

நல்லாயிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "உங்க சமையலு உங்க காலுலயே விழுந்துட்டுது பாருங்க."

அடுத்த இலையைப் பிரித்தான். சாம்பார் சோறு. அதற்கு அடுத்ததிலும் அதுவே. கூட்டு வைத்தது வைத்தபடி.

"நல்லா இருக்குன்னு சொன்னாங்களே!"

"சோறு போட்ட ஆளே எதுர நின்னு கேட்டா, பின்ன என்னத்தச் சொல்லுவாங்க? மூடி வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிருவாங்க."

"சாம்பார்ல அப்படி என்ன குறை?"

"சாம்பார்ல ஒண்ணுமில்லீங்க. வெயில்ல எழுநூறு படி எறங்கி வந்தவனுக்குத் தொண்டை காஞ்சு கெடக்குது. அவனுக்குப் போயி கெட்டிச் சாம்பாரு. மொதல்ல ஒரு சொம்பு மோரக் குடுங்க. அப்பறம் தண்ணியா ரசம். அதுக்கப்பறம் பாருங்க, சாம்பாரு அவனே கேட்டு வாங்குவான்."

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"மொத வாரமே."

"அப்பவே சொல்லியிருக்கலாமில்ல?"

"குழாயடியில நிக்கற ஆளுகிட்ட நான் எங்க வந்து சொல்றது? எனக்கு இருநூறு இலை கெடக்குது."

அடுத்த ஞாயிறு மோர் முதலில் போனது. ரசம் இரண்டாவது அண்டாவும் காலி. இலைகள் காகிதம் மாதிரி எழும்பின. தணிகாசலம் குழாயடிப் பக்கமே போகவில்லை. நேரே அடிகளிடம் போனான்.

"புரிஞ்சுது சாமி."

"என்ன, மோரா?"

"இல்ல சாமி, வந்து..."

"உங்க கம்பெனி டப்பாவெல்லாம் திரும்பி வருமா?"

"வரும். சாயங்காலம்."

"யார் கழுவினது?"

"ஒரு அம்மா. பின்னாடி, தொட்டிகிட்ட."

"பேரு?"

தணிகாசலம் முழித்தான். பதினான்கு மாதம் அந்த அம்மாளைத் தாண்டிப் போய்த்தான் தினமும் வண்டியை நிறுத்தியிருக்கிறான்.

"மூணு மணிக்கு ஒரு பஸ் இருக்கு" என்றார் அடிகள்.

போனான். ரெஜினாவையும் கூட்டிக்கொண்டு இரண்டு நாள் தேடினான். பழைய சூப்பர்வைசருக்கும் பெயர் தெரியவில்லை. 'கழுவுற அம்மா' என்றுதான் தெரியும். கடைசியில் அம்மாபேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தின் கொல்லையில் அகப்பட்டாள். அண்டா தேய்த்துக்கொண்டிருந்தாள். ரெஜினா ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள்.

தேய்க்கிற கையை நிறுத்தாமலே அந்த அம்மா சொன்னாள். "பக்கத்து ஆபீஸ் டப்பா காலியா வரும். தூரத்து டப்பா அத்தனையும் பாதிச் சோத்தோட வரும். தொறந்தா ஊசுன வாடை. கொதிக்கக் கொதிக்க அடைச்சு மூடுனா சோறு வேத்துப் போகாதா? கொஞ்சம் ஆறவிட்டு மூடச் சொல்லுங்கன்னு சூப்பர்வைசர்கிட்டச் சொன்னேன். 'நீ தேய்'ன்னாரு. தேய்ச்சேன்."

ரெஜினா பெங்களூருக்குப் போகவில்லை.

ஆறு மாதம் கழித்து ஒரு ஞாயிறு தணிகாசலம் மடத்துக்கு வந்தான். பந்தியில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டான். அதற்கப்புறம்தான் அடிகளைப் பார்க்கப் போனான்.

"கம்பெனி?"

"ஓடுது சாமி. டப்பாவெல்லாம் துடைச்ச மாதிரி வருது. எந்தப் பதார்த்தம் எவ்வளவு நேரம் ஆறணும், எது தூரத்துக்கு அனுப்பக்கூடாது, எல்லாம் அவங்க சொல்றதுதான். அவங்க தலையாட்டாம ஒரு டப்பாவுக்கும் மூடி விழாது."

"அவங்கன்னா?"

இந்தத் தடவை தணிகாசலம் முழிக்கவில்லை.

"செங்கமலம், சாமி."