ஜிலேபி மீனுக்கு ஏற்ற படகு

"ஜிலேபி மீன் பிடிக்க எந்தப் படகு வாங்கறதும்மா? இன்னைக்காவது சொல்லுங்க."

பச்சமுத்து இப்படிக் கேட்பது மூன்றாவது நாள். மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர், அறுபத்தாறு வயது. அவர் கேட்டது செங்கமலத்திடம்; அவளுக்கு நாற்பதுதான். ஆனாலும் அந்த அணைத் தண்ணீரில் பரிசல் ஓட்டுகிற அத்தனை பேருக்கும் அவள்தான் குரு. அவள் வாயைத் திறந்து பாடம் சொல்லி யாரும் கேட்டதில்லை.

"ஃபைபர் படகு நல்லாருக்குமா? இல்ல, ரப்பர் படகா? மோட்டார் வச்சா மீன் ஓடிடுமோ?"

"எத்தனை பேர் போவீங்க?"

"நான் ஒருத்தன்தான்."

"முன்னாடி எதுல போனீங்க?"

"பரிசல்லதான்." பச்சமுத்துவின் முகம் மலர்ந்தது. "நானும் எங்கண்ணனும். பள்ளிக்கூடம் விட்டதும் ஓடி வந்துடுவோம். பொழுது சாயறதுக்குள்ள கூடை நிறைஞ்சுடும். அம்மா அருவாமனையோட வாசல்லயே உட்கார்ந்திருக்கும். அந்த மாதிரி இன்னும் ஒரே ஒரு சாயங்காலம் கிடைச்சாப் போதும்மா எனக்கு."

"அண்ணன் இருக்காரா?"

"இருக்கார், இருக்கார். மக கல்யாணப் பத்திரிகையில என் பேரை விட்ட மகராசன். பதினோரு வருஷமா அவர் வாசப்படிய நான் மிதிக்கல."

செங்கமலம் தன் பரிசலில் அவரை ஏற்றினாள். துடுப்பையும் தூண்டிலையும் கொடுத்தாள். ஒரு தள்ளு தள்ளிவிட்டுக் கரையிலேயே நின்றுகொண்டாள்.

அவர் தூண்டிலை எடுத்தார். பரிசல் சுற்றியது. துடுப்பை எடுத்தார். தூண்டில் நழுவியது. மறுபடி தூண்டில், மறுபடி சுற்று. தட்டாமாலை ஆடிய பிள்ளை மாதிரி அவருக்குத் தலை கிறுகிறுத்தது. கரையிலிருந்த பரிசல்காரர்கள் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார்கள்.

"இது சுத்திக்கிட்டே இருக்கும்மா!"

"அப்ப மட்டும் சுத்தலையா?"

"அண்ணன் துடுப்பைப் போட்டு நிறுத்தி வச்சிருக்கும். இம்மி அசையாது."

"எவ்வளவு நேரம்?"

"கூடை நிறையற வரைக்கும்."

"தினமுமா?"

"தினமும்தான்."

"அவர் எத்தனை மீன் பிடிச்சார்?"

பச்சமுத்து பதில் சொல்ல வாயெடுத்தார்.

அந்தச் சாயங்காலங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. எதிலும் அண்ணன் கையில் தூண்டில் இல்லை. எனக்கும் ஒரு தடவை குடுடா என்று அண்ணன் கேட்டதும் இல்லை.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

செங்கமலம் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வந்து பரிசலைக் கரைக்கு இழுத்தாள்.

"எந்தப் படகுன்னு கேட்டீங்களே சார்?"

"அது கிடக்கட்டும்மா." பச்சமுத்து தூண்டிலைக் கீழே வைத்தார். "எனக்குத் துடுப்புப் போடக் கத்துக்குடுங்க."