சாய்த்து அடித்த பலகை

அந்தமானின் வடக்கே ஒரு சிறு தீவு. நிலநடுக்கத்தில் அங்கிருந்த பள்ளிக்கூடம் விழுந்துவிட்டது. அடுத்ததை மரச்சட்டத்தில் கட்டுவோம் என்று ஊர் முடிவு செய்தது. தரை ஆடினாலும் நிற்கிற மரச்சுவரை எழுப்பச் சொல்லித்தர, பவளக்கொடி கப்பலில் வந்து இறங்கினாள். அவளுக்கு முப்பத்துமூன்று வயது.

கற்றுக்கொள்ள வந்த ஆறு தச்சர்களில் மூத்தவர் சேதுராமலிங்கம். வயது ஐம்பத்தாறு. தீவில் பாதி வீடுகள் அவர் கட்டியவை. சின்னப் பெண்ணிடம் அவர் படிக்க வரமாட்டார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். முதல் நாள் முதல் ஆளாக வந்து நின்றது அவர்தான்.

“டீச்சர், ஒரே ஒரு கேள்வி. சட்டத்து மேல எதை அடிச்சா சுவர் நிக்கும்?”

“நீங்க எதை அடிப்பீங்கண்ணே?”

“படாக் பலகை. இந்தத் தீவுல அதவிட உறுதியான மரம் கிடையாது.”

“அடிங்க.”

ஆளுயரத்தில் மூன்று சட்டங்கள் செய்து, அடிக்கட்டைகளைத் தரையோடு போல்ட் போட்டு முடுக்கினார்கள். முதல் சட்டத்தில் சேதுராமலிங்கம் படாக் பலகைகளைக் கிடைமட்டமாக, ஒன்றன்மேல் ஒன்றாக அடித்தார். இடுக்கில் ஒரு தாள்கூட நுழையாது. இரண்டாவதில் உள்கூரைக்கு அடிக்கிற வெள்ளை ஜிப்சம் போர்டு. மூன்றாவதில் பவளக்கொடி தானே சுத்தியலை எடுத்து, சுண்டுவிரல் கனம்கூட இல்லாத ப்ளைவுட்டை அடித்தாள்.

மேல் மூலையில் கயிறு கட்டி, ஆறு பேரும் பக்கவாட்டில் இழுத்தார்கள்.

ஜிப்சம்தான் முதலில் போனது. ஆணி இருந்த இடமெல்லாம் மாவாக உதிர்ந்தது. படாக் சுவர் கிறீச்சிட்டது. பிறகு மெதுவாக ஒரு பக்கம் சரிந்து நின்றது.

“பலகை ஒண்ணுகூட உடையல, பாத்தீங்களா?” என்றார் சேதுராமலிங்கம்.

“ஆமாண்ணே. பலகை அப்படியே இருக்கு. சுவர்தான் சாஞ்சிருச்சு.”

யாரும் சிரிக்கவில்லை.

ப்ளைவுட் சுவரை இழுத்தார்கள். அது அசையவில்லை. சேதுராமலிங்கம் அருகே போய் விரலால் தட்டிப் பார்த்தார்.

“இவ்வளவு மெல்லிசு. இது எப்படி நிக்குது?”

பவளக்கொடி சுத்தியலைத் திருப்பிப் பிடித்தாள். ஓரம் நெடுக நாலு விரல் இடைவெளிக்கு ஓர் ஆணி அடித்திருந்தாள். இப்போது ஒன்றுவிட்டு ஒன்றாக அவற்றைப் பிடுங்கினாள். கயிற்றின் முனையை அவர் கையில் கொடுத்தாள். மறுபடி இழுத்தார்கள். அதே ப்ளைவுட், அதே ஆட்கள். சுவர் சரிந்தது.

அவர் ஆணி பிடுங்கிய துளைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு கருவிப் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் வரவில்லை. “கோவிச்சுக்கிட்டாரு டீச்சர்,” என்றார்கள் மற்றவர்கள்.

“அவர் முகத்துல கோவம் இல்லையே,” என்றாள் அவள்.

அதற்கடுத்த நாள் காலை, இரண்டு பேர் தூக்க ஒரு சட்டம் வந்தது. கூடவே சேதுராமலிங்கம். அதே படாக் பலகைகள்தான். ஆனால் ஒவ்வொன்றும் மூலையிலிருந்து மூலைக்குப் போகிற சாய்வில், முட்டுக்கொடுப்பதுபோல் அடிக்கப்பட்டிருந்தது.

போல்ட் முடுக்கியதும், “இழுங்கப்பா,” என்றார்.

இழுத்தார்கள். அசையவில்லை.

“அந்தப் பக்கமிருந்தும் இழுங்க,” என்றாள் பவளக்கொடி. “பூமி ஒரு பக்கமா மட்டும் ஆடாது.”

இழுத்தார்கள். கயிறு அறுந்தது. சட்டம் நின்றது.

தச்சர்கள் விசிலடித்தார்கள். சேதுராமலிங்கம் மார்பை நிமிர்த்திச் சிரித்தார். பவளக்கொடி அந்தப் பலகைகளைத் தடவிப் பார்த்தாள்.

“இப்படி அடிக்கலாம்னு நான் படிச்சிருக்கேன். அடிச்சுப் பாத்ததில்லண்ணே.” பள்ளிக்கூடத்தின் வரைபடத்தையும் பென்சிலையும் அவரிடம் நீட்டினாள். “எதை அடிக்கணும்னு நீங்களே எழுதுங்க.”

அவர் பென்சிலை வாங்கினார். மற்ற ஐந்து தச்சர்களும் அவர் கையையே பார்த்தார்கள்.

“இந்த ஒரு சட்டத்துக்கு எனக்கு ஒரு முழு நாள் ஆச்சு,” என்றார் கடைசியில். “ஒவ்வொரு முனையையும் சாய்வா அறுக்கணும். பள்ளிக்கூடத்துக்கு நாப்பது சட்டம் வேணும். மழைக்கு முன்னால பிள்ளைங்க உள்ள உக்காரணும். நிதானமா அறுத்தா இது நிக்கும். அவசரத்துல அறுத்தா எது நிக்கும், எது நிக்காதுன்னு என்னால சொல்ல முடியாது.”

குனிந்து எழுதினார்: ப்ளைவுட். தண்ணீர் தாங்கும் ரகம். ஓரம் முழுக்க நாலு விரலுக்கு ஓர் ஆணி.

மழைக்கு முன் வேலை முடிந்தது. ஆணித்தலை ப்ளைவுட்டின் மேல்தோலைக் கிழித்து உள்ளே இறங்கி, பிடிப்பு போன இடங்களையெல்லாம் சேதுராமலிங்கம் பக்கத்தில் வேறு ஆணி அடித்துச் சரிசெய்தார். அவற்றில் அவரே அடித்தவையும் இருந்தன.

அடுத்த தை மாதம் தரை ஆடியது. பிள்ளைகள் மைதானத்துக்கு ஓடினார்கள். உள்ளே ஒரு தேசப்படம் மட்டும் சுவரிலிருந்து விழுந்தது. கட்டடம் நின்றது. அன்று மதியம்வரை சேதுராமலிங்கம் ஒவ்வொரு சுவராக ஓரங்களைத் தடவிப் பார்த்தார். ஓர் ஆணிகூட வெளியே வந்திருக்கவில்லை.

சேதி கேட்டு அடுத்த கப்பலில் பவளக்கொடி வந்தாள். தலைமையாசிரியர் அவளைக் கைகூப்பி வரவேற்றார்.

“சரியான பலகையாப் பாத்துத் தேர்ந்தெடுத்தீங்கம்மா.”

“நான் எடுக்கல சார்.” வகுப்பறை வாசலில் நின்ற சேதுராமலிங்கத்தை அவள் காட்டினாள். “தன் பலகை ஜெயிச்ச பிறகும் இதை எடுத்தாரே, அவர்தான். என் மாணவர்.”