வாளுக்கும் உறைக்கும் நடுவே

"சாமி, போகாதேன்னு என் மகள்கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்."

அருங்காட்சியகத்தில் பழம்பொருள்களைப் பேணும் பூங்கோதை, படகுத்துறை மடத்துச் சாமியின் முன் கைகூப்பி நின்றாள். சாமி அவளைவிட வயதில் இளையவர்.

"எங்கே போறா?"

"கவுகாத்தி. வேலை கிடைச்சிருக்கு. இன்னிக்கு சாயங்காலம் ரயில்."

"போகட்டுமே."

"சர்டிபிகேட்டையெல்லாம் பீரோவில வெச்சுப் பூட்டிட்டேன். சாவி என் இடுப்புல இருக்கு."

சாமி சிரித்தார்.

"அப்புறம் நான் எதுக்கு? பீரோவே போதுமே."

பூங்கோதை சிரிக்கவில்லை.

"அப்பா இல்லாத பிள்ளை சாமி. பொத்திப் பொத்தி வளர்த்தேன்."

"அவ என்ன சொல்றா?"

"ஒண்ணும் சொல்லலை. ஜன்னலையே பார்த்துட்டு உட்கார்ந்திருக்கா. கொஞ்ச நாளா பேச்சே குறைஞ்சுபோச்சு."

சாமி துண்டை உதறித் தோளில் போட்டார்.

"வாங்க. உங்க மியூசியத்தைக் காட்டுங்க."

மழைப் பகல். கூடத்தில் ஒருவரும் இல்லை. கண்ணாடிப் பெட்டிகளுக்குள் வெளிச்சம், குளத்தின் அடியில் கிடப்பதுபோல் கிடந்தது.

ஒரு பெட்டியின் முன் சாமி நின்றார்.

உள்ளே, என்றோ இறந்த அரசனின் வாள். பிடியில் தங்கக் கொடி ஓடியது. பிடியின் முனையில் யாளி வாய் திறந்திருந்தது. ஒரு சாண் தள்ளி அதன் உறை. சிவப்பு வெல்வெட், வாய்ப்புறத்தில் மாணிக்கம். வாளின் அதே வளைவு உறைக்கும். தூங்குகிறவரின் பக்கத்தில் விழித்துப் படுத்திருப்பவரைப்போல அது கிடந்தது.

"அடடா! ரெண்டுக்கும் சண்டையா?"

"வர்றவங்க எல்லாரும் இதைத்தான் கேட்கிறாங்க. உள்ளே போட்டு வெச்சா வாள் துருப்பிடிச்சிடும் சாமி."

"உறை அவ்வளவு பொல்லாததா?"

"பொல்லாததா? வாளைக் காப்பாத்தறதுக்குன்னே செஞ்சது." அவள் குரலில் கோபம் இருந்தது. "உள்பக்கம் மரம். காத்துல இருக்கிற ஈரத்தைக் குடிச்சு வெச்சுக்கும். வெளியே பார்த்தா ஒண்ணும் தெரியாது. மேலே மாணிக்கம் மின்னிக்கிட்டே இருக்கும். உள்ளே இறுக்கிப் பிடிச்ச இடத்திலெல்லாம்..."

நிறுத்தினாள்.



"பிரிச்சு வெச்சது யாரு?" என்றார் சாமி.

"நான்தான்."

கண்ணாடியில் அவள் முகம், வாளுக்கும் உறைக்கும் நடுவே மங்கலாக மிதந்தது. அதை வெகுநேரம் பார்த்தாள்.

பிறகு அவள் கை இடுப்புக்குப் போனது.

"சாமி, இங்கே கொஞ்சம் பார்த்துக்குங்க."

சாவியை அவிழ்த்துக்கொண்டே, குடையைக்கூட எடுக்காமல், வாசலை நோக்கி ஓடினாள்.

சாமி காவலாளியின் முக்காலியை இழுத்துப் போட்டு, உறையின் பக்கமாக உட்கார்ந்தார்.