எழுத்தர் நெப்சேனா கேட்டுப் பெற்ற சுருள்

கிட்டே வந்து உட்காருங்கள், பெரியவர்களும் வரலாம். நைல் நதி எகிப்து தேசத்துக்குச் சோறு போட்ட பழைய நாளில் ஓர் அரசன் இருந்தான். அவனுக்கு ஆயிரம் வேலைக்காரர்கள். அந்த ஆயிரத்தில் உடம்பில் வெயில் படாதவர் ஒருவர்தான்: எழுத்தர் நெப்சேனா.

அந்த நாட்டில் எழுதத் தெரிந்தவனுக்கு வாய்க்கால் வெட்டு இல்லை, மண்கூடை இல்லை, பிரம்படி இல்லை. கொடுத்துவைத்தவர்கள்!

ஒருநாள் அரசன் சொன்னான்: "பிள்ளைகள் எழுத்து வேலைக்கு ஆசைப்படும்படி ஒரு நூல் வேண்டும். நைல் பெருகி வரும் வெள்ளத் திருநாளன்று என் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உன் எழுதுகோல் வேறொருவனுக்கு, உனக்கு மண்கூடை."

நெப்சேனா யோசித்தார். தன் வேலையை உயர்த்த என்ன கஷ்டம்? மற்ற வேலைகளைத் தாழ்த்தினால் போயிற்று! எழுதும் முன் வாய்விட்டுப் பாடிப் பார்ப்பது அந்த நாட்டு வழக்கம். அவர் சந்தை நடுவே நடந்துகொண்டே பாடினார்:

"கோரை வெட்டுகிறவளைப் பார், தவளைதான் அவளுக்குச் சொந்தம்!
குயவனைப் பார், புகையில் கண் போய், பெண்டாட்டியை இருமலை வைத்துத்தான் கண்டுபிடிப்பான்!
தோல் பதனிடுகிறவனைப் பார், ஈ கூட அவனிடம் நிற்காது!
எழுத்தனைப் பார், அவனுக்கு மேலே அரசன் மட்டும்!"

சந்தையே வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டது. புகழ் பரவுகிறது என்று நினைத்துக்கொண்டார், பாவம்.

திருநாளுக்கு மூன்று நாள் இருந்தது. கோரையை வெட்டி, சீவி, அழுத்தி, எழுதும் சுருள் செய்கிற தாமித்திடம் போனார். "நல்ல சுருளாக ஒன்று கொடம்மா."

தாமித் நிமிரவில்லை. "தவளைக்குச் சொந்தக்காரியிடம் வாங்கினால் உங்கள் கௌரவம் என்ன ஆவது, எழுத்தரே?"

"அது சும்மா பாட்டு. மனசில் வைத்துக்கொள்ளாதே."

"நான் எங்கே வைத்தேன்? நீங்கள்தான் நடுச்சந்தையில் வைத்தீர்கள்."

மறுநாள் குயவனிடம் போனார். சுருள் இல்லாதவர்கள் உடைந்த பானை ஓட்டில் எழுதுவதும் உண்டு. "ஓடாவது கொடப்பா."

குயவன் கண்ணைச் சுருக்கினான். "யாரது? ஒன்றும் தெரியவில்லையே. கொஞ்சம் இருமிக் காட்டுங்கள், அடையாளம் தெரிகிறதா பார்க்கிறேன்."

நம்புங்கள், அந்தப் பெரிய மனிதர் இருமியே காட்டினார். அப்போதும் ஓடு கிடைக்கவில்லை.

அங்கிருந்து தோல்காரனிடம் ஓடினார், ஒரு துண்டுத் தோலிலாவது எழுதிவிடலாம் என்று. "தள்ளி நில்லுங்கள் ஐயா. ஈயே நிற்காத இடத்தில் உங்களுக்கென்ன வேலை?" என்று அவன் கதவைச் சாத்தினான்.

மூன்றாம் நாள் காலையில் நெப்சேனாவின் தோளில் இல்லாத மண்கூடை கனத்தது. மறுபடி தாமித்தின் முன்னால் நின்றார்.

"இரண்டு பங்கு விலை தருகிறேன், தாயே!"

"விலை வேண்டாம். நூலின் முடிவில் உங்களைப் பற்றி ஒரு வரி எழுதுங்கள். உண்மையான வரி."

"முடியவே முடியாது!" என்று கத்தினார். அவள் சுருளை எடுத்து உள்ளே வைத்தாள். அவர் குரல் இறங்கியது. "அரை வரி போதுமா?"

"அரைச் சுருள் போதுமா?" என்றவள், அவர் தலையாட்டியதும் முழுச் சுருளையும் கொண்டுவந்து கொடுத்தாள்.

எழுதினார். கடைசி வரியைப் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார்: "எழுத்தனைப் பார், இவர்கள் கை கொடுக்காத நாளில் அவன் ஊமை!"

திருநாளன்று அரசன் நூலைப் படிக்கக் கேட்டான். கடைசி வரியில் கிரீடம் சரியும்படி சிரித்தான். "ஆகா, நூலுக்கே உயிர் இந்த வரிதான்! யார் சொல்லிக் கொடுத்தது?"

"எனக்கே தோன்றியது, அரசே," என்றார் நெப்சேனா. கழுத்தில் பொன்மாலை விழுந்தது.

பிறகு நாடெங்கிலுமிருந்து வந்த நூறு எழுத்தர்கள் உட்கார்ந்து, பள்ளிகளுக்காக நூறு பிரதி எடுத்தார்கள். தவளை இருந்தது, இருமல் இருந்தது, ஈ இருந்தது. அந்தக் கடைசி வரி மட்டும் ஒரு பிரதியிலும் இல்லை. அரசன் கூப்பிட்டுக் கேட்டபோது நூறு பேரும் தலையைச் சொறிந்தார்கள்.

"கண் தவறிவிட்டது, அரசே."

நூறு ஜோடிக் கண், ஒரே இடத்தில்!

ஆகையால் கேட்டுக்கொள்ளுங்கள்: அடுத்தவன் தொழிலை இகழ்கிறவன் அந்த அடுத்தவன் செய்து கொடுத்த பொருளை வைத்துக்கொண்டுதான் இகழ்கிறான், அது இகழ்கிறவன் கண்ணுக்கு மட்டும் தெரிவதில்லை.