சேற்றில் உட்கார்ந்த அக்காள்

"டிட்டிட்டீ! டிட்டிட்டீ!"

ஒரு காட்டில், வற்றிப்போன குளத்துப் பக்கம் போனால் முதலில் இந்தச் சத்தம்தான் வரவேற்கும், பிள்ளைகளே. கத்துகிற பறவை அப்புறம்தான் கண்ணில் படும். அவள்தான் ஆட்காட்டிக் குருவி கூவாயி. அவள் தங்கை தத்தாயி.

அக்காளுக்குக் குரல். தங்கைக்கு நடிப்பு. சிறகு ஒடிந்தவள்போல நொண்டி நொண்டியே பகைவனைத் தொலைவுக்கு இழுத்துப் போய்விடுவாள்.

குஞ்சாக இருந்தபோது அம்மா அக்காளின் குரலை மெச்சினால் தத்தாயிக்கு இரை இறங்காது. தத்தாயியின் நடிப்பை மெச்சினால் கூவாயி முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

"போடி நொண்டி!"

"போடி தொண்டைக்காரி!"

வளர்ந்தும் விடவில்லை. ஆளுக்கொரு கரையில் முட்டையிட்டார்கள். நடுவே சேறு. பேச்சு கிடையாது.

ஒரு முற்பகலில் தத்தாயியின் கரைக்கு நரி வந்தது. அங்கே கற்களுக்கு நடுவே அவளுடைய நான்கு முட்டைகள். உடனே சிறகைத் தொங்கவிட்டு நொண்டினாள்.

நரி சிரித்தது. "போன வருஷமும் இதே கூத்துத்தானே, தாயே! நீ கிழக்கே நொண்டினால் முட்டை மேற்கே இருக்கும்."

அது திரும்பிக் கற்களை மோப்பம் பிடித்தது. இன்னும் நான்கே அடி. அப்போது பின்னாலிருந்து ஒரு கூச்சல்.

"டிட்டிட்டீ! ஐயோ, என் முட்டை! யாரும் இந்தப் பக்கம் வராதீங்க!"

குளத்தின் நடுவே கூவாயி அடைகாப்பவள்போலச் சிறகைப் பரப்பி உட்கார்ந்திருந்தாள். அங்கே முட்டை ஏது? மேலே காய்ந்த ஏடு, அடியில் கொழகொழ சேறு.

"கத்திக் கத்தியே காட்டிக்கொடுத்துவிட்டாளே!" என்றது நரி. "ஒருவேளை தங்கைக்கு உதவுகிறாளோ? சே! இவர்கள் முகம் பார்த்தே மூன்று வருஷம் ஆச்சே!"

ஒரே பாய்ச்சல். கூவாயி விருட்டென்று எழும்பினாள். நரி வயிறு வரை சேற்றில் இறங்கியது.

"தூக்கிவிடுங்கடி!"

"எங்களுக்குள்தான் பேச்சே கிடையாதே, எப்படிச் சேர்ந்து தூக்குவது?" என்றாள் தத்தாயி.

சேர்ந்து கொத்த மட்டும் முடிந்தது. மண்டையில் மாறி மாறி வாங்கிக்கொண்டு, தட்டுத்தடுமாறிக் கரையேறிய நரி அதற்குப் பிறகு அந்தக் குளத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

"அக்கா, இந்த நடிப்பை எங்கே கற்றாய்?"

"சின்னதில் உன்னைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தேனே, அப்போதுதான்."

"நானும் புதருக்குள் ஒளிந்து உன்னைப்போலக் கத்திப் பார்ப்பேன்."

"அது நீயா? தவளை என்றல்லவா நினைத்தேன்!"

இருவரும் சிரித்தார்கள்.

"வெயில் ஏறுதடி. முட்டை வெந்துவிடும்."

குளத்து மூலையில் மிஞ்சியிருந்த தண்ணீரில் இருவரும் அருகருகே வயிற்று இறகை நனைத்துக்கொண்டு, அவரவர் முட்டை குளிர, அதன்மேல் போய் உட்கார்ந்தார்கள்.

நீதி: உடன்பிறந்தாரின் பிணக்கை நம்பிக் கால் வைப்பவன் சேற்றில்தான் விழுவான்.