கொள்ளுக் காட்டுக் குற்றவாளி

ராஜா செங்கதிரராயனுக்குப் பிள்ளைகளைவிடக் குதிரைகள்மேல்தான் பாசம். அவற்றின் தீவனத்துக்கென்றே ஆற்றங்கரையில் ஒரு கொள்ளுக் காடு வைத்திருந்தார். அதைப் பார்த்துக்கொண்டவன் இருளப்பன். ஒருநாள் ராஜா அங்கே போனால், காடு முழுக்க ரோஜா நிறத்தில் பூ!

“ஆகா, யார் வைத்த பூச்செடி?” என்று பூரித்துப்போனார்.

லாயத்து அதிகாரி வீரபாகுவுக்கு அந்தக் காட்டு வேலையைத் தன் மைத்துனனுக்கு வாங்கித்தர நெடுநாள் ஆசை. குதிரையை விட்டு இறங்காமலே விரலை நீட்டினார். “பூச்செடியா? பண்ணைக்கீரை, மகாராஜா! சுத்தக் களை! அதோ ஒன்று, அங்கே ஒன்று! நூறடி தள்ளியிருந்தே எனக்குத் தெரிகிறது, இவனுக்குத் தெரியவில்லையே!”

“வருசா வருசம் புடுங்குறேன் சாமி. எரு போட்டா மறுபடி மொளைக்குது” என்றான் இருளப்பன், அழாத குறையாக.

களையை ரசித்துவிட்ட வெட்கம் ராஜாவுக்குக் கோபமாக மாறியது. “விதைத்தவன் யாரென்று பத்து நாளில் தெரியவேண்டும். அவனே தன் கையால் அத்தனையும் பிடுங்கவேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் இருளப்பன் ஊரைவிட்டுப் போகட்டும்!”

கூட வந்திருந்த அரண்மனைக் குறும்பன் எட்டியப்பன் ‘எரு’ என்றதை மட்டும் மனதில் முடிந்துகொண்டான்.

பத்தாம் நாள் இரண்டு மண்சட்டிகளோடு சபைக்கு வந்தான். “இரண்டிலும் பழைய விதை ஏதும் மிஞ்சாதபடி அடுப்பில் வறுத்த மண், மகாராஜா. ஒன்றில் மட்டும் லாயத்து எருவைக் கலந்தேன். தண்ணீர் இரண்டுக்கும் விட்டேன்.” முதல் சட்டி மொட்டை. எருச் சட்டியில் பண்ணைக்கீரை நெருக்கியடித்து முளைத்திருந்தது.

“விதைத்தவனை வாசலில் கட்டிவைத்திருக்கிறேன்.”

எல்லோரும் ஓடினார்கள். தூணில் கட்டியிருந்தது ராஜாவின் செல்ல வெள்ளைக் குதிரை!

“தீவனத்தோடு தின்ற விதை லத்தியோடு வந்து, எருவாகக் காட்டில் விழுகிறது” என்றான் எட்டியப்பன்.

“குதிரைக்குக் கை ஏதப்பா, பிடுங்குவதற்கு?” என்றார் ராஜா.

“இல்லைதான். அதனால்தானே தீவனம் போட ஒரு கையை நியமித்திருக்கிறீர்கள்!”

வீரபாகு கையை விரித்தார். “தீவனக் கட்டுக்குள் களை கிடந்தால் எனக்கு எப்படித் தெரியும்?”

“நூறடி தள்ளியிருந்தே தெரியுமே உங்களுக்கு!”

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். விதை உதிர்வதற்குள் காட்டைச் சுத்தம் செய்ய வீரபாகுவுக்கு உத்தரவு. மேற்பார்வைக்கு இருளப்பன், அதுவும் வெள்ளைக் குதிரைமேல்.

மறுநாள் முதுகு ஒடியக் குனிந்திருந்த வீரபாகுவின் தலைக்குமேல் பணிவான குரல் ஒன்று கேட்டது.

“அதோ ஒண்ணு, அங்க ஒண்ணு... விட்டுப்போச்சுங்க ஐயா!”